ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

எங்கள் கல்லூரி மாணவர்கள் வாத்தியார்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். எனக்கு வைத்த பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. நான் சொல்ல வந்த சரித்திர வாத்தியாருக்கு வைத்த பெயர் பார்லிமெண்ட். மன்னார்குடியில் நான் பௌதிகத் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தபோது, அவர் சரித்திரத் துறையில் பத்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருந்தார். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

நாலு பேரைக் கேட்காமல் அவர் எதையும் செய்ய மாட்டார். ஆசிரியர் அறையில் மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றால் எழுந்து நின்று, “கொஞ்சம் கொறைச்சுக்கலாமா? யாருக்காவது புழுக்கமா இருக்குமா?” என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். யாராவது மேஜையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தால் அவர் விழிக்கும்வரை சுவிட்சில் கை வைக்க மாட்டார். சலூனில் தன் முறை வந்ததும் நாற்காலியில் ஏறாமல், பெஞ்சில் காத்திருப்பவர்களைத் திரும்பிப் பார்த்து, “அவசரமா இருக்கறவங்க யாராவது போறீங்களா?” என்பார். மன்னார்குடியில் அவசரம் இல்லாதவர் யார்? அவர் முடிவெட்டிக்கொண்டு திரும்ப அரை நாள் ஆகும்.

வகுப்பிலும் இதே கதைதான். “முப்பதாண்டுப் போரை இன்னிக்கே எடுத்துடலாமா, நாளைக்கு வச்சுக்கலாமா? கை தூக்குங்க” என்பார். பையன்கள் ஒரு மனதாக நாளைக்குத்தான் கை தூக்குவார்கள். அதனால் அவருடைய போர்ஷன் ஒரு வருஷமும் முடிந்ததில்லை. பரீட்சைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சைக்கிளில் வந்து, வந்திருக்கும் ஏழெட்டுப் பேருக்குத் தொண்டை கட்டக் கட்ட நடத்தி முடிப்பார்.

ஒரு வருஷம் ஆசிரியர் மன்றத்துக்கு அவரைத் தலைவராக்கிப் பார்த்தோம். மூன்று மணி நேரம் எல்லோரையும் பேசவிட்டார். கடைசியில், எதற்கும் பிரின்ஸ்பாலை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்வது என்று முடிவு செய்தோம். அன்றைக்கு நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அவருடைய வகுப்புக்கும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். பையன்கள் ஊசல் ஆட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வரும். ஐரோப்பிய ராஜாக்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தத் தடுப்பு வழியாகத்தான். ராஜாக்கள் எப்படி ஒரு நாட்டில் தங்களுக்கு மேல் யாரும் இல்லாதவர்களாக வளர்ந்தார்கள், இன்னொரு நாட்டில் எப்படிச் சபைக்குக் கட்டுப்பட்டார்கள் என்பது அவருக்கு உயிரான பாடம்.

“உங்க ஊர் வாய்க்காலை நெனச்சுக்கங்க,” என்பார். “தலைப்புல ஒரு மதகு. பிரான்ஸ் ராஜா என்ன பண்ணார்? மதகுச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டார். யாருக்குத் தண்ணி, எப்பத் தண்ணி, அவர் இஷ்டம். நூத்தம்பது வருஷத்துக்கு மேல அங்க சபையையே கூட்டலை. இங்கிலாந்து ராஜாவும் சாவியைச் சொருகத்தான் பார்த்தார். அங்க விடலை. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், தொறக்கறதுக்கு முன்னால எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னாங்க. ஒரு ராஜா கேக்க மாட்டேன்னார். தலை போச்சு. அதுக்கப்புறம் வந்தவங்க கேக்கக் கத்துக்கிட்டாங்க.”

ஒரு நாள் ஒரு பையன் எழுந்து கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. “அந்தச் சபையில கூலிக்காரங்க இருந்தாங்களா சார்?”

“இல்லப்பா. நிலம் நீச்சு உள்ளவங்கதான் இருந்தாங்க.”

“அப்ப கேட்டா என்ன, கேக்காட்டா என்ன சார் எங்களுக்கு?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் சாக்பீஸை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. “நல்ல கேள்வி. இதை நாளைக்கு எடுத்துக்கலாமா?”

மறுநாள் அவர் அதை எடுக்கவில்லை.

நான் சேலம் பக்கத்து ஆள். மன்னார்குடியில் கல்யாணம் ஆகாத தனியாளுக்கு வீடு கொடுக்க யாரும் தயாராக இல்லை. மூன்று மாதம் லாட்ஜில் மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் நடத்தியதைக் கேள்விப்பட்டு, அவர்தான் தங்கள் ஊருக்குக் கூட்டிப்போனார். ஒரத்தநாடு சாலையில் சைக்கிள் மிதிக்கிற தூரம். வீட்டை ஒட்டிய ஒரு அறை எனக்குக் கிடைத்தது. அதைக் காட்டும்போதுகூட, “உங்களுக்குச் சம்மதம்தானே? ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கறது பரவாயில்லையா?” என்று மூன்று முறை கேட்டார். அறை தருவதற்குத் தன் அண்ணனிடம் எத்தனை முறை கேட்டிருப்பார் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அப்படி எழுத முடியவில்லை. தகப்பனார் சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்கி, தம்பியைத் திருச்சியில் எம்.ஏ. படிக்க வைத்தவர். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஆனால் தம்பி தன் பங்கு எந்த வரப்பில் தொடங்குகிறது என்று கேட்டதும் இல்லை, அண்ணன் காட்டியதும் இல்லை. அண்ணன் பேசுவதே குறைவு. “ம்” என்றால் சரி. “பாக்கலாம்” என்றால் இல்லை.

காலையில் அண்ணன் கிணற்றடியில் வேப்பங்குச்சியால் பல் விளக்குவார். நாற்பத்திரண்டு வயது விரிவுரையாளர் கையில் செய்தித்தாளோடு பத்தடி தள்ளி நிற்பார். அண்ணன் வாய் கொப்பளித்து, துண்டை எடுத்து முகம் துடைத்த பிறகுதான் பேச்சை எடுப்பார்.

“அண்ணே, வர்ற வெள்ளிக்கெழம திருச்சியில ஒரு கருத்தரங்கு. கட்டுரை படிக்கச் சொல்லிக் கூப்பிட்டுருக்காங்க. போயிட்டு வரட்டுமா?”

“அறுப்பு இருக்கு.”

“சரிண்ணே.”

அறுப்பில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. களத்தில் குடை பிடித்து நிற்பார், அவ்வளவுதான். இங்கிலாந்துச் சபை ராஜாவை எப்படிக் கேட்க வைத்தது என்பதுதான் அந்தக் கட்டுரை. இருபத்தேழு பக்கம், சுத்தமாக டைப் அடித்தது. படிக்காமலே அலமாரிக்குப் போயிற்று.

அதே மாதத்தில்தான் தடுப்பு வழியாக அவர் இன்னொன்று சொல்லக் கேட்டேன். “பிரபுக்களை அடக்க அந்தப் பிரான்ஸ் ராஜா கத்தி எடுக்கலை. தன் மாளிகைக்கே கூப்பிட்டு வச்சுக்கிட்டார். காலையில ராஜா எழுந்திரிச்சா அவருக்குச் சட்டை எடுத்துக் குடுக்கற பாக்கியம் யாருக்குன்னு பிரபுக்கள் போட்டி போட்டாங்க. சொந்த ஊர்ல பெரிய ஆளுங்க. அங்க வந்து, எதைச் செய்யறதுக்கும் ராஜா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நின்னு நின்னு அதுவே பழகிப்போச்சு. அதுக்கப்புறம் ராஜா அதட்டவே தேவையில்ல.” வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். சொன்னது யாரைப் பற்றி என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு நாள் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “எங்க வீட்டுல கேக்காம எதுவும் நடக்காது தம்பி. என்னையக் கேப்பாங்க, புள்ளைங்களக் கேப்பாங்க, ஒங்களக்கூட கேப்பாங்க. கடைசியில அவங்க அண்ணனக் கேப்பாங்க. அதோட நாங்கள்லாம் சொன்னது போச்சு.”

அவர் கேட்பதால் வாழ்க்கையில் ஒரு தரம் தலைநிமிர்ந்த மனுஷனும் உண்டு. அவன் பெயர் பக்கிரி. அவர்கள் பண்ணையில் வேலை செய்தவன். வாய்க்காலை ஒட்டி, அவர்கள் நிலத்தின் மூலையில், ஒரு பூவரச மரத்தடியில் அவன் குடிசை. பக்கிரியின் அப்பன் போட்ட குடிசை அது. பக்கிரியும் அவன் மனைவி தனபாக்கியமும் அங்கே இருந்தார்கள். என் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் அடுப்புப் புகை தெரியும்.

ஒரு மழை நாளில் நானும் அவரும் அந்தப் பக்கம் போனோம். குடிசை வாசலில் நின்று அவர், “பக்கிரி, உள்ள வரலாமா?” என்று கேட்டார். தனபாக்கியம் முறத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பக்கிரி என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அவள் சுட்டுக்கொடுத்த உளுவை மீனை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே குந்தித் தின்றோம்.

பிறகு ஒரு நாள் பக்கிரி என்னிடம் சொன்னான்: “அந்த வீட்டு ஆளுங்க வந்தா தடிக்கம்பால தட்டியில ஒரு தட்டு தட்டுவாங்க சார். வெளிய வாடான்னு ஒரு சத்தம். உள்ள வரட்டுமான்னு கேட்ட மொத ஆளு சின்னய்யாதான்.” சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அந்த நாளுக்காகவே அவரை நான் மதிக்கிறேன், இப்போதும்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கரை வேட்டிகள் ஜீப்பில் வந்து போயின. ஒரு பக்கம் செங்கொடிச் சங்கம், ஒரு பக்கம் மிராசுதார்கள். அறுப்புக் கூலிக்காக வெளியூர் ஆட்களை இறக்குவதும், மறிப்பதும், போலீஸ் வேன் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. கிழக்கே கூலிக்காரர்களைக் குடிசையோடு கொளுத்திய செய்தியைக் கேட்டதிலிருந்து ஊரில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்தச் சமயத்தில்தான், பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்தது.

அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அவரே பக்கிரியிடம் போனார். நானும் உடன் இருந்தேன். வரப்பில் நின்று வரி வரியாகப் படித்துக் காட்டினார்.

“மனு போடு பக்கிரி. இனிமே உன்னைக் கேக்காம உன்னை இங்கேருந்து யாரும் கெளப்ப முடியாது.”

“பெரியய்யா என்ன சொல்லுவாங்களோங்க.”

“சட்டத்துக்கு மேல பெரியய்யா யாரும் இல்ல.”

அப்படிச் சொன்னபோது அவர் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. வகுப்பில் ராஜாவின் தலை போகும் இடத்தில் வருமே, அதே மிடுக்கு. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கிரி மனு போட்டான். “சங்கத்துல பத்து தடவ சொன்னாங்க சார், நான் போடல. சின்னய்யா சொன்னாங்க, போட்டுட்டேன்” என்று என்னிடம் சொன்னான்.

அண்ணனுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது.  கிணற்றடியில் வழக்கம்போல் பல் விளக்கினார். அது குடிசையே இல்லை, வைக்கோலுக்குக் காவல் இருக்கப் போட்ட கொட்டகை, பக்கிரி குடியிருப்பது கூலிக்காரர்கள் தெருவில் அவன் மச்சான் வீட்டில் என்று மட்டும் தாலுகா ஆபீசுக்கு ஒரு பதில் மனு போனது. விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று காலை அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினார்.

“ஆர்.ஐ. வருவாரு. நீ இரு,” என்றார் தம்பியிடம். அவ்வளவுதான். இன்னதைச் சொல் என்று சொல்லவில்லை. இன்னதைச் சொல்லாதே என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷங்கள் கழித்து நினைக்கும்போது அந்த மனிதரின் சாமர்த்தியம் என்னை நடுங்க வைக்கிறது.

பதினோரு மணிக்கு ஆர்.ஐ. வந்தார். இள வயசு, நேர்மையான முகம். கூடவே நிலக் கணக்கு வைக்கும் ஊர்க் கர்ணம், அண்ணனுக்கு வேண்டியவர். பூவரச மரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்த்ததையும் சொன்னதையும் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் மகஜரைத் தொடங்கினார்கள். குடிசைக்குள் அடுப்பு இருந்தது, உறி இருந்தது, சாமி படம் இருந்தது. “இதெல்லாம் நேத்து கொண்டாந்து வச்சதா இருக்கலாம்,” என்றார் கர்ணம். தெருவாசிகள் நாலு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். “இவங்கள்லாம் சங்கத்து ஆளுங்க,” என்றார் கர்ணம்.

ஆர்.ஐ. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். “சார், பட்டாவுல உங்க பேரும் இருக்கு. இவர் இங்கதான் குடியிருக்கார்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அதுக்கு மேல யாரும் பேச முடியாது.”

பக்கிரி அவரைப் பார்த்தான். அந்த முகத்தில் கொஞ்சமும் பயமில்லை. இத்தோடு முடிந்தது என்கிற நிம்மதிதான் இருந்தது.

அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அண்ணன் ஊர்ல இல்ல. சாயங்காலம் வந்துடுவாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லிடறேனே?”

“நான் உங்களைத்தான் சார் கேக்கறேன்.”

“அதான்… தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே ஒரு வார்த்தை.”

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பொய் சொல்லவில்லை. இவன் இங்கே இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். கேட்காமல் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. 

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார். “நீங்க அந்த அறையிலதானே குடியிருக்கீங்க? இவங்க இங்க அடுப்பெரிக்கறதைப் பாத்திருக்கீங்களா?”

தினமும் பார்த்திருக்கிறேன். அந்த அடுப்பில் சுட்ட மீனைத் தின்றிருக்கிறேன். எனக்கு அண்ணனோ தம்பியோ அந்த ஊரில் இல்லை. அறையைக் காலி செய்யச் சொன்னால் மறுபடியும் லாட்ஜ், அவ்வளவுதான். ஆனாலும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “சார் முதல்ல சொல்லட்டுமே,” என்றேன். இதை யாரிடமும் இதுவரை நான் சொன்னதில்லை.

உரிமையாளர் தரப்பில் யாரும் உறுதி செய்யவில்லை என்று மகஜர் முடிந்தது. மனு தள்ளுபடி ஆனது.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் அவர் போய் நின்றார். என் அறைக்குக் கேட்டது.

“அண்ணே, பக்கிரி வீட்டு விஷயமா…”

“என்ன?”

“ஒண்ணுமில்லண்ணே. ஆர்.ஐ. வந்துட்டுப் போனாரு.”

“ம்.”

அதற்கு அடுத்த வாரம் பட்டப்பகலில் குடிசையைப் பிரித்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. கீற்று தனியாக, மூங்கில் தனியாக அடுக்கி வைத்துவிட்டு, அந்த மேட்டை வெட்டிச் சரித்து வயலோடு சேர்த்தார்கள். பூவரசும் போயிற்று. பக்கிரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டான். தனபாக்கியம் தெருவில் தன் தம்பி வீட்டில் தங்கினாள்.

அந்த நாட்களில் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இங்கிலாந்து ராஜாவை விசாரித்த இடம் வந்திருந்தது. பையன்களை நோட்ஸ் எழுதச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். எழுதலாமா என்றுகூட அவர் கேட்கவில்லை என்று பையன்கள் ஆச்சரியப்பட்டார்கள். வீட்டில் சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் பேசாமல் சாப்பிட்டார். அவர் உடம்பு இளைத்தது. என்னோடு சைக்கிளில் வரும்போது ஒரு தரம், “நான் என்ன செஞ்சிருக்கணும்?” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைக்கூட என்னைக் கேட்கிறாரே என்று. பெடலை வேகமாக மிதித்தேன். பதில் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

தண்ணீர் வந்தது. நாற்று தயாராகி, உழுது பரம்படித்து, நடவு தொடங்கியது. அது ஒரு சனிக்கிழமை. அவர் என் அறை வாசலில் வந்து நின்று, வயல் பக்கம் போகலாம் என்றார். போனோம். அந்த மூலை இப்போது மற்ற வயலோடு வயலாகத் தண்ணீர் கட்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டு வந்தார்கள். வரிசையில் தனபாக்கியம் இருந்தாள். அந்த வாரம் ஊரில் வேறு எந்த வயலிலும் நடவு இல்லை. இங்கே வராவிட்டால் அவள் வீட்டில் உலை இல்லை.

அவரைப் பார்த்ததும் பெண்களின் பேச்சு நின்றது. கை மட்டும் ஓடியது. எங்களுக்கு ஐந்தாறு அடி முன்னால் வந்ததும் தனபாக்கியத்தின் கை நின்றது. இரண்டு மூன்று முறை விரலால் குத்திப் பார்த்தாள். பிறகு இடுப்பை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடினேன். இல்லை. வேலையில் ஒரு தடங்கல் வந்தால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும், கேட்டாள்.

“சின்னய்யா, அடுப்பு இருந்த எடம் கட்டாந்தரையா கெடக்கு. வெரலு எறங்கல. இங்க நடவா, எடம் வுட்டுட்டுப் போவவா?”

அவர் உதடு அசைந்தது. அந்த ஒரு கை அகல மண்ணில் நடுவதா வேண்டாமா என்பதற்குப் பதில் வேண்டும். அவள் நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் தலை மெல்ல, மிக மெல்ல, வீடு இருக்கிற பக்கம் திரும்பியது.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்றைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சேற்றில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பறிக்க ஆரம்பித்தாள். கரியும் சாம்பலும் மேலே வந்து அவளைச் சுற்றித் தண்ணீர் கறுத்தது. மற்றப் பெண்கள் அவளை விட்டு முன்னே போகாமல் வரிசையில் அப்படியே நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்றிருந்தோம்.